பூட்டினேனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு சேர்த்து வைத்தால் பாதுகாப்பாக இருக்கலாம் என்று விளக்கி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கணக்கில் குறை இல்லை. விலைவாசி ஏற்றம், மருத்துவச் செலவு, நாமினி பெயர் சேர்ப்பது எல்லாவற்றையும் எழுதியவர் பொறுப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் 'பாதுகாப்பு' என்ற சொல் வந்த ஒவ்வோர் இடத்திலும் எனக்கு மனசு நெருடியது. அந்தச் சொல்லோடேயே இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவள் நான். அதில் பதினோரு ஆண்டு வங்கியின் லாக்கர் பிரிவில். அதனால் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாக்கர் அறைக்கு வருபவர் முதலில் பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நான் மாஸ்டர் சாவியோடு கூடப் போவேன். முதலில் என் சாவி, அடுத்து அவர் சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். திறந்ததும் நான் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியக் கூடாது. மூடுவதற்கு அவர் சாவி மட்டும் போதும். அவர் போன பிறகு உள்ளே போய், ஏதாவது கீழே விழுந்து கிடக்கிறதா, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை இதே வேலை.

பொருளை நான் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே போகும் முகத்தையும் வெளியே வரும் முகத்தையும் பதினோரு ஆண்டு பார்த்தேன்.

ஒரு அம்மா வாரம் தவறாமல் வருவார். வைக்க எதுவும் கொண்டுவர மாட்டார், எடுத்துக்கொண்டும் போக மாட்டார். திறப்பார், எண்ணுவார், மூடுவார். கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் சத்தம் என் மேசைவரை கேட்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்குவார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவார். "மேடம், பூட்டினேனா?" கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். பூட்டியிருக்கும். எப்போதுமே பூட்டித்தான் இருக்கும். ஒரு நாள் வங்கி மூட அரைமணி நேரம் இருக்கும்போது, கொட்டுகிற மழையில், வீட்டிலிருந்தே திரும்ப வந்துவிட்டார். "பூட்டியிருக்கும்னு தெரியும் மேடம். ஆனா மனசு கேக்கலை" என்றார். பேனா கொடுக்கக் கை நீட்டியபோது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். வழியெல்லாம் சாவியை இறுக்கிப் பிடித்து வந்ததில் அதன் பற்கள் வரிசையாகச் சிவந்து பதிந்திருந்தன. அந்தக் கை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருந்ததை யாரும் திருடவில்லை. அவருடைய வாரங்கள்தான் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

இன்னொருவர் வயதான மனிதர். மாதம் ஒரு முறை வருவார், அவசரமே படமாட்டார். உள்ளே ஐந்து நிமிடம் இருப்பார். வெளியே வரும்போது எங்கள் எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார். அவர் காலமான பிறகு, நாமினியாக இருந்த மகள் வந்தார். முறைப்படி சாட்சிகள் முன்னிலையில் திறந்து பட்டியல் எழுத வேண்டும், நானும் உடன் இருந்தேன். நான்கு நகைப்பெட்டிகள் இருந்தன. நான்கும் காலி. மடித்து வைத்த ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். மகள் அழவில்லை, அதிர்ச்சியும் அடையவில்லை. "எங்க கல்யாணத்துக்கெல்லாம் அப்பவே கொடுத்துட்டார்" என்றார். அப்படியானால் இத்தனை ஆண்டு எதற்காக வாடகை கட்டி மாதாமாதம் வந்தார்? அன்று பரிதாபப்பட்டேன். இன்றுவரை எனக்கு அது முழுசாக விளங்கவில்லை. ஆனால் அந்த அறைக்கு வந்து போனவர்களில் திரும்பி வந்து "பூட்டினேனா" என்று ஒரு நாளும் கேட்காதவர் யார் என்று யோசித்தால் அவர் முகம்தான் வருகிறது.

இதையெல்லாம் பார்த்த எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கைக்கு வந்த தொகையில் முக்கால் பங்கை, வங்கி தருவதைவிட அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தில் போட்டேன். நெருங்கிய உறவினர் சொன்னார், அவரும் போட்டிருந்தார். எத்தனையோ வாடிக்கையாளர்களை "அதிக வட்டி என்றால் அதிக ஆபத்து" என்று எச்சரித்து அனுப்பியவள் நான். பதினான்கு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. பதினைந்தாம் மாதம் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் அலுவலகத்தில் பூட்டு தொங்கியது.

அடுத்த எட்டு மாதம் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து கைபேசியில் வங்கி இருப்பைப் பார்ப்பேன். இரவு பத்து மணிக்குப் பார்த்த அதே எண்தான் இருக்கும். அணைத்துவிட்டுப் படுப்பேன். மறுபடியும் எடுப்பேன். என் கணவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதையும் தாங்க முடியவில்லை. ஒரு இரவு கைபேசி வெளிச்சத்தில் என் கையையே பார்த்தேன். அந்த அம்மாவின் கை மாதிரியே இறுகியிருந்தது.

எங்களோடு அப்போது என் அத்தை இருந்தார், அப்பாவின் அக்கா. எண்பதைத் தாண்டியவர். கண் அழுத்த நோயில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. நான் எழுந்து நடமாடும் சத்தம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தூங்கலையாம்மா?"

"வரலை அத்தை."

"என்ன கணக்கு போடுறே?"

"போனதைத்தான்."

"சரி, வா. இப்படி உக்காரு. என்னென்ன போச்சு, ஒண்ணொண்ணா சொல்லு."

பணம் போச்சு என்றேன். "அப்புறம்?" என்றார். மாடியில் ஒரு அறை கட்ட நினைத்தது போச்சு. "அப்புறம்?" மரியாதை போச்சு, பேங்க்ல வேலை பார்த்தவளே ஏமாந்தாள் என்று பேசுகிறார்கள். "அப்புறம்?" தைரியம் போச்சு. தூக்கம் போச்சு. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் வரவில்லை. அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவையும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காளே ஒருத்தி, அவ போயிட்டாளா?"

பெரிய தத்துவம் பேசும் குரலே இல்லை அது. கடைக்குப் போனவள் வந்துவிட்டாளா என்று கேட்பது போலத்தான் கேட்டார். கண் போனது, கணவர் போனது, சொத்து பாகம் பிரிந்து போனது எல்லாம் பார்த்தவர். அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே பல முறை கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

விடியுமுன் எழுந்து, சுவரோரமாக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூச்சோடு ஒரு பெயரை மனசுக்குள் சொல்வது அவர் வழக்கம். மறுநாள் முதல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம். முதல் சில வாரங்கள் கொடுமையாகப் போயின. கண்ணை மூடினால் வட்டிக் கணக்குதான் ஓடும். அத்தையிடம் சொன்னேன். "ஓடட்டும். ஓடுதுன்னு தெரியுதுல்ல? தெரிஞ்சதும் திரும்பி வா" என்றார். அதைத் தவிர வேறு எதையும் அவர் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. ஓடும், தெரியும், திரும்பி வருவேன். ஒரு உட்காரலில் நூறு தடவை கூட அப்படித் திரும்பியிருப்பேன்.

என்ன மாறியது என்று சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. பணம் திரும்பவில்லை. வழக்கு ஒரு முறை தள்ளிப்போனபோது செய்தி கைபேசியில் வந்தது. வயிற்றுக்குள் ஒரு முடிச்சு விழுந்தது. அது விழுவதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளர்ந்தது. நான் செய்துகொண்டிருந்த வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரு வருடம் முன்பு அதே செய்தி என்னை மூன்று நாள் படுக்கையில் தள்ளியிருக்கும். பிறகு ஒரு நாள் கவனித்தேன், இருப்பைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உள்ளே ஏதோ ஒன்று குறையாமல் இருக்கிறது என்று உடம்புக்கே தெரிய ஆரம்பித்திருந்தது. அத்தை அதைக் கடவுள் என்பார். நானும் அப்படித்தான் சொல்வேன். வேறு பெயர் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். என்னைப் போல் தடுமாறியவர்கள் வேறு காலத்தில் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. எபிக்டெட்டஸ் என்ற கிரேக்க ஞானியிடம் மனசு நின்றுவிட்டது. சுமார் கி.பி. 50-ல் அடிமையாகப் பிறந்து, பின்னால் விடுதலை பெற்று ஆசிரியரானவர். வீட்டுத் தெய்வங்களின் பக்கத்தில் இரும்பு விளக்கு ஒன்று வைத்திருந்தார். ஒரு நாள் சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தால் விளக்கைக் காணவில்லை. நாளைக்கு மண் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், இருப்பதைத்தானே இழக்க முடியும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அவர் இறந்த பிறகு அந்த மண் விளக்கை ஒருவர் 3,000 திராக்மா கொடுத்து வாங்கினார், அதன் வெளிச்சத்தில் படித்தால் அவருடைய ஞானம் தனக்கும் வந்துவிடும் என்று நம்பி. இதை அடுத்த நூற்றாண்டுக்காரரான லூசியன் எழுதி வைத்திருக்கிறார். லாக்கர் அறையில் நின்றவளுக்கு அந்த 3,000 திராக்மாக்காரரை நன்றாகத் தெரியும். விளக்கை வாங்கினார். திருட்டுப் போன மறுநாள் அந்த மனிதரைத் தூங்க வைத்தது எதுவோ, அதை வாங்க அவருக்கு வழி இல்லை.

அதே எபிக்டெட்டஸின் பேச்சுகள் ஒரு பேரரசர் கைக்கும் போயின. கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், அவற்றைத் தனக்குப் படிக்கக் கொடுத்த ஆசிரியருக்குத் தன் குறிப்புகளில் நன்றி எழுதியிருக்கிறார். ரோமின் கருவூலத்தையே கையில் வைத்திருந்தவர், தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாமல் பிறந்த ஒருவரிடம் எதைத் தேடிப் போனார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

நம் பக்கத்தில், 1896-ல் பதினாறு வயதுப் பையனாகத் திருவண்ணாமலை வந்து இறங்கிய ரமணர், மிச்சமிருந்த காசைக் குளத்தில் வீசினார். 1924-ல் ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்து அவரையே அடித்தபோதும், திருப்பி அடிக்கக் கிளம்பிய அன்பர்களைத் தடுத்துவிட்டார். அந்த நிலை எனக்கு வாய்க்கவில்லை. யாரும் பணத்தைக் குளத்தில் வீச வேண்டும் என்று நான் சொல்ல வரவும் இல்லை. என் அத்தையின் அளவுக்கு எட்டினாலே எனக்குப் போதும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாதவரிடம் போய் 'பொருள் மாயை' என்று பேசுவது பாவம் என்றே நினைக்கிறேன். 2013-ல் வெளியான ஓர் ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத நேரத்தில் ஒரு முறையும், அறுவடைப் பணம் வந்த பின் ஒரு முறையும் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள். அதே மனிதர்கள்தான், பணம் வந்த பின் தெளிவாகச் செய்தார்கள். பற்றாக்குறை மனசின் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள். அந்த எட்டு மாதத்தில் நான் அனுபவித்ததும் அதுவே. எனக்கோ மிச்சமிருந்த கால் பங்கும் ஓய்வூதியமும் இருந்தன. அதுவும் இல்லாதவர்களின் இரவு எப்படி இருக்கும்! வள்ளுவரும் 76-வது அதிகாரத்தில் பொருளைச் சம்பாதி என்று அழுத்தித்தான் சொல்கிறார். நிலையாமை பேசும் 34-வது அதிகாரத்தில், பெருஞ்செல்வம் வருவதும் போவதும் கூத்து பார்க்கக் கூட்டம் சேர்ந்து கலைவது போல என்று சொன்னவரும் அவரே. சம்பாதிக்க வேண்டும், கூட்டம் கலையும்போது அரங்கில் யார் மிச்சம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மனிதருக்குத்தான் சொன்னார்.

பணம் மகிழ்ச்சி தராது என்று பொத்தாம்பொதுவாக எழுதுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1978-ல் அமெரிக்காவில் லாட்டரிப் பரிசு பெற்ற 22 பேரை ஆராய்ந்து, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்னச் சின்ன சந்தோஷங்கள்கூட அவர்களுக்குக் குறைந்திருந்தன என்று எழுதினார்கள். எல்லோரும் எடுத்துச் சொல்வது அதைத்தான். 22 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. பிறகு ஸ்வீடனில் பெரிய பரிசு பெற்ற பலரை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டதில், வாழ்க்கை பற்றிய திருப்தி பத்தாண்டுக்கு மேலும் உயர்ந்தே இருந்தது தெரிய வந்தது. அதே ஆய்வில், அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் ஏற்பட்ட மாற்றம் அதைவிட நன்றாகவே குறைவு. இதைப் படித்தபோது லாக்கர் அறைதான் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவிடம் வாழ்க்கை திருப்தியா என்று கேட்டிருந்தால் திருப்தி என்றுதான் சொல்லியிருப்பார். நடுமழையில் சாவியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவரும் அவரே.

இன்னொன்றும் என் மனசை உறுத்துகிறது. இந்த உள்நிம்மதியையே விற்பனைக்கு வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். இந்தப் பயிற்சி செய்தால் செல்வம் பெருகும், இந்தப் பூஜை செய்தால் போன பணம் வரும் என்கிறார்கள். நான் ஏமாந்திருந்த நாட்களில் அப்படி இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். அடிபட்டவர்களிடம் அதே இடத்தில் மறுபடியும் அடிக்கும் வேலை அது. அத்தையின் பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு காசு செலவாகவில்லை. பலன் இவ்வளவு என்று அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை.

எல்லாம் விதி என்று சும்மா இருப்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. ஏமாந்த முதல் எட்டு மாதம் நான் புகார்கூடக் கொடுக்கவில்லை. வெளியே தெரிந்தால் அவமானம் என்ற பயம். உட்காரத் தொடங்கிய பிறகுதான் ரசீதுகளை எல்லாம் தேதிவாரியாக அடுக்கி, மற்ற முதலீட்டாளர்களையும் தேடிப் பிடித்து, புகார் எழுதினேன். காவல் நிலையத்தில், "பேங்க்ல இருந்துமா ஏமாந்தீங்க?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றேன். குரல் நடுங்கவில்லை. பணத்தைக் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன், அது என் உழைப்பு. வந்தால்தான் நான் நான் என்ற நிலை மட்டும் இல்லை.

அத்தை சென்ற ஆண்டு காலமானார். அவர் சாமான் என்று ஒதுக்கிவைக்க ஒரு பைக்கு மேல் எதுவும் இல்லை. கடைசி வாரத்தில் ஒரு நாள் அவர் கையை என் கைக்குள் வைத்திருந்தேன். விரல்கள் விரிந்து, எதையும் பிடிக்காமல், தண்ணீரில் மிதக்கிற மாதிரி கிடந்தன. பயமாயிருக்கா அத்தை என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். பதில் சொல்ல விரும்பாதவர் கேட்கிற 'எதுக்கு' இல்லை அது. உண்மையாகவே காரணம் என்னவென்று கேட்டார்.

ஆசிரியர் அவர்களே, சேமிப்பு பற்றிய கட்டுரைகளை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் எழுதுங்கள், மோசடி நிறுவனங்களைப் பற்றி அவசியம் எழுதுங்கள். அந்தப் பக்கத்திலேயே, இழந்து எழுந்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள் என்று எழுத அவ்வப்போது இடம் கொடுங்கள். உங்கள் வாசகர்களில் இன்றிரவு மூன்று மணிக்குக் கைபேசியை எடுத்து இருப்பைப் பார்க்கப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அத்தையின் கேள்வியை ஒரு முறை தன்னிடம் கேட்டுப் பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.

போன மாதம் என் சொந்த லாக்கரையும் ஒப்படைத்துவிட்டேன். உள்ளே இருந்ததை மகளிடம் கொடுத்தாயிற்று. நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது ஒரு இளம்பெண் இருக்கிறாள். பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். சாவியை வாங்கி எண்ணைச் சரிபார்த்தாள். அடுத்த மாதம் வழக்கின் வாய்தா. ரசீதுக் கோப்பை எடுத்து வைத்திருக்கிறேன். அன்று காலையும் அந்தச் சுவரோரம் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்
(வழக்கு நடந்துகொண்டிருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)